பென்சிலில் எழுதிய உயிர்

லாங் பஜாரில் அந்த ஸ்டேஷனரிக் கடைக்காரர்
கட்டம் போட்ட நோட்டு கேட்டால்
"பையன் எத்தனாவது படிக்கிறான்?" என்பார்.
முப்பத்தாறு வயதுப் பையன் நான்தான் என்று
ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்.
சிரிக்காமல் லேபிள் ஒட்டிக் கொடுத்தார்.
பெயர், வகுப்பு, பிரிவு.
வகுப்பு: மந்திரவாதி என்று எழுதிக்கொண்டேன்.
பிரிவு: ஞாயிறு மதியம்.

நோட்டும் சீக்கிரமே போதாமல் போனது.
நிலவறைக்குள் நிலவறை தோண்டுகிற புத்தி எனக்கு.
செலின்தான் கொண்டுவந்தாள்
ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட
தேதி முடிந்த ஈசிஜி தாள் சுருள்.
காட்பாடி மாடி அறையில்
சுவரிலிருந்து சுவருக்கு உருட்டிவிட்டால்
இளஞ்சிவப்புக் கட்டங்கள் தீர்வதே இல்லை.
இதயம் ஏறி இறங்க வேண்டிய இடத்தில்
படிக்கட்டு, பொறிக்கதவு, பாம்புக் கிணறு.
கட்டம் ஒன்றுக்கு ஐந்தடி.

சூடு பட்டால் கறுக்கும் தாள் அது.
யாரோ டீ கிளாஸை வைத்து எடுக்க
வடமேற்கில் ஒரு கரிய வளையம்.
ஏரி என்று அறிவித்தேன், தண்ணீர் ததும்புகிறது என்றேன்.
"பாலாத்துக்காரன் பேசுற பேச்சா இது?" என்றான் இம்தியாஸ்.

அவன் ஆம்பூரிலிருந்து ரயிலில் வருவான்.
ஷூவுக்கு ஆகாத வெட்டுத்துண்டில்
அவன் தைத்த பகடைத் தட்டு:
மூலைக்கொரு பித்தளைப் பட்டன்,
மாட்டினால் கிண்ணம், அவிழ்த்தால் பைக்குள் போகும்.
இருபது முகப் பகடை அதில் விழுந்தால்
மதிலிலிருந்து பூனை குதித்த அளவுக்குத்தான் சத்தம்.
எண் மட்டும் எப்போதும் மோசம்.

அரக்கனுக்குப் பொம்மை இல்லாத அன்று
புருஷோத் இலவம்பாடி முள்கத்தரிக்காயை
காம்பு மேலே தெரிய நிறுத்தினான்.
இரண்டு மணி நேரம் எங்களைக் கொன்றது.
சாயங்காலம் குழம்பில் வெந்தது.

பேனா எனக்கு ஆகாது.
சித்திரை வியர்வையில் ஒருமுறை
ஒரு ராஜ்ஜியத்தின் வடக்கு எல்லை மொத்தமும்
என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு பஸ் ஏறியது.
ஹெச்பி பென்சில் போதும்.
டூ பி அழகுதான், ஆனால் விரலெல்லாம் கரி.

செலின் அழுத்தாமல் எழுதுவாள்.
உயிர்ப்புள்ளி இருபத்தேழு. அழித்துப் பத்தொன்பது.
அழித்துப் பதினொன்று.
ரப்பர்த் தூளைப் புறங்கையால் தள்ளிக்கொண்டே சொல்வாள்:
"வார்டுல அழிக்கக் கூடாது.
தப்பானா ஒரே கோடு, பக்கத்துல நேரம், கையெழுத்து.
கீழ இருக்கறது படிக்கத் தெரியணும்.
இங்க வந்தாத்தான் எனக்கு ரப்பர்."
அவள் தாளில் அந்த ஓரிடம் மட்டும் தேய்ந்து
பின்னால் பிடித்தால் வெளிச்சம் தெரியும்.

ஆடியில் ஒரு ஞாயிறு, கரண்ட் போனது.
விசிறி நின்றதும் தாள்கள் அடங்கின.
மூன்றாம் நிலவறை. அவளுடைய வில்லாளி அல்லிநாச்சிக்கு
மிச்சம் நான்கு.
கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒட்டிச் செய்த
மறைப்புக்குப் பின்னால் நான் உருட்டினேன்.
ஐந்து. ஆறு.
இரவுப் பணி முடித்து, தூங்காமல் வந்திருந்தாள்.
"ரெண்டு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை,
மறைப்பை மெல்ல மடக்கிப் படுக்க வைத்தாள்.
ஐந்தும் ஆறும்
எமர்ஜென்சி விளக்கில் எல்லோருக்கும் தெரிந்தன.
கைப்பையிலிருந்து நீல பால்பாயின்ட் எடுத்தாள்.
அல்லிநாச்சி மேல் ஒரே கோடு.
பக்கத்தில் 4.40.
கையெழுத்து.
இம்தியாஸ் எதற்கோ எழுந்து நின்றான்,
பிறகு உட்கார்ந்தான்.

அட்டையில் அடுத்த தாள்.
ஏதாவது சொல்லலாமா என்று நான் நினைப்பதற்குள்
பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தாள்;
அழுத்திய பேனாவின் பள்ளம்
கருமைக்குள் வெள்ளையாக ஏறி வந்தது, 4.40.
அதை அப்படியே விட்டுவிட்டுப்
பக்கத்தில் எழுதினாள்:
பெயர், பிறகு. தொழில், திருடி.
உயிர்ப்புள்ளி, எட்டு.

"ஒன்பது வரும்" என்றான் புருஷோத், கூட்டிப் பார்த்து.

"ரப்பர் குடு" என்றாள்.