இருபத்தோராம் கேள்வி

பனிச்சங்கேணிப் பாலத்தடி.
றெஜிபோம் பெட்டியைக் கவிழ்த்து என்னை இருத்திவிட்டு
வலையிலிருந்து நண்டு கழற்றினா இராசமலரக்கா.
இருபது கேள்விக்கும் கை நிற்காமல் பதில்:
பிள்ளைகள் மூன்று. தோணி பங்கில்.
படிப்பு ஒன்பது வரைக்கும்.

இருபத்தொன்று.
"இந்தக் கண்ணாக் காட்டையும் கடற்புல்லையும் காக்க
மாதம் எத்தனை ரூபாய் கொடுக்க விரும்புவீர்கள்?"

கை நின்றது.
"ஆருக்குப் புள்ள குடுக்கிற?"
நிதியத்துக்கு என்றேன்.
"அது எங்க கிடக்கு?"
கொழும்பில்.

அடுத்தது சினைநண்டு.
கொடுக்கில் சிக்கிய நூலை அறுத்து
தண்ணிக்குள் விட்டா.
"ஆயிரத்து இருநூறு போகும். எழுதிக்கொள்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"அப்ப சைபர் போடு."

பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்:
கோபத்தில் சொல்லும் சைபரைக்
கணக்கில் சேர்க்கக் கூடாது.
கோபமா என்று முகத்தைப் பார்த்தேன்.
நண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

வரைபடத்தை விரித்தேன்.
காப்பு எல்லை, பச்சைக் கோடு,
கண்ணாவைச் சுற்றி வந்து பாலத்தோடு முடிந்தது.
ஈர விரலை அதில் வைத்து இழுத்தா,
முகத்துவாரம் தாண்டி,
மாசியில் ஒட்டிக்குஞ்சு மேயும் புல் வரைக்கும்.

"உங்கட வலை விழுற இடமும் உள்ளுக்குப் போகுதே அக்கா?"

"தெரியும்.
எவ்வளவு குடுப்பாய் எண்டுதானே கேட்ட நீ?"

கொழும்புக்குப் போன படிவத்தில்
இருபத்தோராம் கட்டத்தில் சைபர்.
வரைபடத்தை நான் அனுப்பவில்லை.
காய்ந்தபிறகும்
உப்பு, கோடாக நிற்கிறது.