பதினொன்று

பதினைந்து இலக்கம், அரிசிமணி அளவு கண்ணாடிக்குள்.
இடப்பக்கக் கழுத்தில்
காதுக்கு ஒரு சாண் கீழே இருக்கும் என்கிறது கையேடு.
இருக்காது.
தோலுக்கடியில் அதுவும் மேயப் போய்விடும்.
ஒருமுறை தோள்பட்டையில் கண்டெடுத்தேன்,
ஒருமுறை நெஞ்செலும்புக்குப் பக்கத்தில்,
இஸ்திரிப் பெட்டிபோல் கருவியைக்
கம்பளிமேல் இழுத்து இழுத்து.

கார்மார்தன் மலைச்சரிவு. பிப்ரவரி.
மழை என்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று
மேலிருந்து வந்துகொண்டிருக்கிறது.
எலுனெட் பரி வாயிற்கதவைத் திறந்தபடியே
"பத்து" என்கிறாள்.
நான் இன்னும் கேட்கவில்லை.

சேற்றில் நிற்கின்றன அல்பாக்காக்கள்,
தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட தலைகளோடு.
கத்துவதில்லை அவை. பூட்டிய அறைக்குள்
யாரோ வரவுசெலவு பார்ப்பதுபோல
ம்ம்... ம்ம்...
காவலுக்கு நிற்கும் லாமா என் தொப்பியில் துப்புகிறது.
பச்சை. புளித்த வாடை.
அதன் காதிலிருந்த மஞ்சள் வில்லையை
முள்கம்பி பிடுங்கிக்கொண்டது,
காதில் ஒரு துண்டையும் சேர்த்து.

நான் வந்தது செத்துப்போன ஒன்றின் பொருட்டு.
நாற்பது மைல் தள்ளி. பிராம்பிள் என்று பெயர்,
இனவிருத்திக்குப் பேர்போன ஆண்.
அறுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்கக்
கெட்டித் தயிராய்க் காசநோய்.
கழுத்திலிருந்த எண் பேசியது:
பிறந்த பண்ணை, இரண்டு முதலாளிகள்,
ஒரு கண்காட்சியில் நீல ரிப்பன்.
பிறகு பதினொரு மாதம் வெற்றுத் தாள்.

மாடு நகர்ந்தால் கூடவே காகிதமும் நகரும்.
இவற்றுக்கு?
பழத்தோட்டத்தில் நிற்கும் அழகிடம்
யார் ரசீது கேட்பார்கள்?

பத்தையும் படித்தாயிற்று. பத்து முறை சத்தம்.
ஐந்து வாயும் வயிறுமாக நிற்கின்றன.
"ஜூனில்" என்கிறாள் எலுனெட், தேநீர் ஆறிய பிறகு.
"நாலே நாள். இதெல் கூட்டிவந்தான்.
அவனை மாட்டிவிடாதே."

அப்போதுதான் கொட்டகைக்குள்ளிருந்து
இன்னொரு ம்ம்.

வைக்கோல்கட்டுக்குப் பின்னால் பழுப்பாய் ஒன்று.
சந்தை முடிந்தும் ஆள் கொள்ளாமல் நின்றதாம்,
புட்டிப் பால் கொடுத்துத் தேற்றினாளாம்.
கழுத்து, தோள், நெஞ்சு, மறுபடி கழுத்து.
கருவி மௌனம்.
"மௌன்" என்கிறாள் அவள்.
திடுக்கிட்டேன். அதன் பெயராம்.
இங்கத்து மொழியில் சதுப்பு நிலத்துக் கரி.

ரத்தம் எடுக்கலாம். எடுத்த குப்பியில்
பெயர் எழுதக் கட்டம் இல்லை.
"நோய் இல்லாமல் இருந்தால்?"
இருக்கலாம். இருந்தாலும்
எண் இல்லாத உயிருக்கு
நோயில்லை என்று எழுத இடமில்லை.

அவள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.
ஊசி தடிமன்.
உதறவில்லை அது. முனகலையும் நிறுத்திவிட்டது.
பிறகு கருவி முதல்முறையாகச் சத்தமிட,
இருவரும் திரையைப் பார்த்தோம்,
பிறந்த குழந்தையின் எடையைப் பார்ப்பதுபோல.
அது வந்த வழி தெரியாது.
இன்றுமுதல் இருக்கிறது.

சமையலறைக்குள் போனவள்
போன வருஷத்து நாட்காட்டியோடு திரும்பினாள்.
தீவன நிறுவனம் இலவசமாய்த் தந்தது.
ஜூன் பதினான்கு: தேன் 3 ஜாடி, இதெல்.
பதினெட்டு: பி. புறப்பாடு, ரிட்லன் பண்ணை.
அதற்கடியில் வேறு பேனாவில்
பிறகு மேய்ரியன் வீடு, பிறகு ஆற்றோரத்து இருவர்.
கதவு கதவாய் அவன் போன பாதை
எண்ணெய்க் கறைக்குக் கீழே பத்திரமாய்.
தாளைக் கிழித்துக் கொடுத்தாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

காலணியைக் கிருமிநாசினியில் முக்கி எடுத்தேன்.
சக்கரங்களுக்கும் அடித்தேன்.
பதினொரு குப்பிகள் குளிர்பெட்டியில்
மோதி மோதிச் சிணுங்க,
அடுத்த வாயிற்கதவு ஏழு மைல்.

எத்தனை என்று அங்கே கேட்கப்போவதில்லை.
கொட்டகைப் பக்கம் நின்று
கொஞ்ச நேரம் காது கொடுக்க வேண்டும்.