பஞ்சு கடித்த ஒரு மணி நேரம்

ராமநாதபுரத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி
பஞ்சைக் கடிக்கக் கொடுத்தார் டாக்டர்.
ஒரு மணி நேரம் வாய் திறக்கக் கூடாது.

பாம்பன் பஸ். ஜன்னலோரம் பிரிஸ்கா.
உச்சிப்புளி வரை பாசிக் கதைதான்:
ஏஜெண்ட் எடையில் அடித்தது,
பாறையில் கிழிந்த ரப்பர் செருப்பு,
விரலில் சுற்ற இனிப் பழந்துணி இல்லாதது.
பிறகு நிறுத்தினாள்.

நான் நுழையும் இடம் அது.
"அதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன்" என்று
பத்தொன்பது வருஷமாய் நுழைந்த இடம்.
நாக்கு பஞ்சில் முட்டித் திரும்பியது.

மண்டபம் போயிற்று.
பாலத்தில் ஏறியதும் காற்று
அவள் முந்தானையை என் முகத்தில் போட்டது.
கடலைப் பார்த்தபடியே சொன்னாள்:
"மூணு மாசமா இடது காது கேக்கல.
அடியில போறப்ப குத்தும்.
இப்ப குத்துறதும் இல்ல."

மூச்செடுக்கத்தான் மேலே வந்திருக்கிறாள்
ஒவ்வொரு தடவையும்.
கரையேறிவிட்டாள் என்றெண்ணி
பேச்சைப் பிடுங்கியிருக்கிறேன்.

பாம்பனில் இறங்கிப் பஞ்சைத் துப்பினேன்.
ரத்தம் நின்றிருந்தது.
"ஏன்டி இத்தனை நாளா" என்று பாதி வந்துவிட்டது வாயில்.
நல்லவேளை,
அவளுக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன்.

சுற்றி வந்து
வலப்பக்கம் நின்று
"ம்" என்றேன்.