மஞ்சக் கடுதாசி

ஜேம்ஸ்டவுன், நியூயார்க் மாநிலம்.
சாடகோயின் ஆற்றோரம் ஒரு கார் நிறுத்துமிடம்.
துளைபோடும் எந்திரம் எட்டு மணிக்கே கத்தத் தொடங்கிவிட்டது.
என் வேலை சின்னது:
குழாயில் ஏறிவரும் மண்ணை அடி அடியாக அறுத்துப்
புட்டியில் அடைத்து எண் எழுதி
ஐஸ்பெட்டியில் வைப்பது.
தளத்தில் நகை கூடாது.
மூக்குத்தி டிபன் பைக்குள் இருக்கிறது.

முதல் அடி தார்.
அடுத்தது, மூடிப்போன மளிகைக் கடையின் சரளை.
அப்புறம் செங்கல் தூள், கரி.
ஐந்தாவது அடியில்
மஞ்சள்.

ஈரோட்டுக்காரிக்கு மஞ்சள் புதிதல்ல.
கடனில் மூழ்கினவனை எங்கள் கடைவீதியில்
'மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்' என்பார்கள்.
சிரித்துவிட்டேன்.
எந்திரம் ஓட்டும் டுவெய்ன் ஏன் என்று கேட்டான்.
விளக்கினால் செத்துவிடும் சிரிப்பு.
'குரோமியம்' என்றேன்.
உடனே கையுறையை மாற்றிக்கொண்டான்.

ஹாக்லுண்ட் மோட்டார் சைக்கிள் கம்பெனி
நாற்காலிக்குக் கால் கடையும் பட்டறையில் பிறந்தது, 1909.
அண்ணன் ஆக்செல் எஞ்சின் பார்த்தான்,
தம்பி தூரே கணக்குப் பார்த்தான்.
ஒரே தேவாலயம், வேறுவேறு பெஞ்சு.
முதல் வண்டிக்கு மேப்பிள் மரத்தில் கைப்பிடி;
எந்தச் சாலையிலும் உள்ளங்கை நோகாது என்று விளம்பரம்.
பதினேழில் ராணுவம் ஆயிரம் வண்டி கேட்டது.
கடன் வாங்கிப் புதுக் கூரை போட்டார்கள்.
வண்டிகள் ரயிலேறுமுன் சண்டை நின்றுவிட்டது.
சமாதானம் வந்து நொடித்த கம்பெனி
என்று நான் எழுத முடியாது.
என் படிவத்தில்
'முந்தைய நிலப் பயன்பாடு' என்று ஒரு கட்டம்தான்.
'முலாம் பூசுதல், 1926–31.'

முலாம்தான் கடைசி முயற்சி.
கார் மலிந்துபோன காலத்தில்
பளபளத்தால் விற்கும் என்று தூரே நம்பினான்.
பளபளத்தது.
தொட்டி கழுவிய தண்ணீர்
பலகை இடுக்கு வழியே கீழே இறங்கியது.

1931, மார்ச், கடைசி வெள்ளி.
சம்பளப் புத்தகம் நகர நூலகத்தில் இருக்கிறது.
ஹில்டூர் என்ற குமாஸ்தாவின் நிமிர்ந்த கையெழுத்து.
டாலர் இருக்கவேண்டிய பத்தியில் சாமான்கள்:
நீல்ஸ் ஓபெரி, மூன்று வாரக் கூலிக்கு, பெட்ரோல் டாங்கி, ஆறு.
சால்வத்தோரே பிங்கித்தோரே, முன்சக்கரம், ஒன்பது.
சிக்னே எக்ஸ்ட்ராண்ட், முலாம் பிரிவு,
இடது கைப்பிடி, நூற்று நாற்பது.
இடது மட்டும்.
வலது யார் பங்குக்குப் போனதென்று தேடினேன்.
அந்தத் தாளைக் காணோம்.

மொத்தம் அறுபத்திரண்டு பேர்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி
கிடைத்ததைக் கீழே கொட்டியிருந்தால்
பதினொரு வண்டி தேறும். கூட்டிப் பார்த்துவிட்டேன்.
கூடவில்லை.
இருபத்தெட்டு வேலைநிறுத்தத்தில்
கேட்டுக்குள் போனவன் யார், வெளியே நின்றவன் யார்
என்பது அப்போதும் ஆறவில்லை.
ஒரு புகைப்படத்தில் டாங்கியில் கோழி தண்ணீர் குடிக்கிறது.
இன்னொன்றில் சக்கரத்தின் மேல் அவரைக்கொடி.
சிக்னேக்குப் புகைப்படம் இல்லை.
துடைப்பம், மண்வெட்டி, தள்ளுவண்டி,
வீட்டில் பிடிக்கத்தக்க எல்லாவற்றுக்கும்
அவள் ஒரு ஹாக்லுண்ட் கைப்பிடி மாட்டினாள்
என்று நானாக வைத்துக்கொண்டேன்.

புத்தகத்துக்குள் ஒரு டாக்டர் சீட்டு மடிந்திருந்தது.
எக்ஸ்ட்ராண்ட், வயது முப்பத்தொன்று,
மூக்கின் நடுத்தண்டில் துளை, வலி இல்லை,
வேலைக்குத் தகுதி.
அதன்மேல் ஹில்டூரின் பென்சில்:
'பாக்கி.'
எவ்வளவு என்று எழுதவில்லை.

நாலு மணிக்கு டுவெய்ன்
குழம்பைக் கரைத்து ஊற்றித் துளையை அடைத்தான்.
படிவத்தை முடித்தேன்:
ஆழம், ஐந்தடி. நிறம், மஞ்சள். மணம், இல்லை.

காரில் கண்ணாடியைத் திருப்பி
மூக்குத்தி போட்டுக்கொள்ளும்போது
துவாரம் கொஞ்சம் தூர்ந்திருந்தது.
மூச்சைப் பிடித்து அழுத்தினேன்.