துணைத்தேற்றம் மூன்று

ஓர் அமைப்பு. இப்போது அது எந்தப் பக்கம் நகரும் என்பதைச்
சற்றுமுன் அது இருந்த இடம் தீர்மானிக்கிறது.
அவ்வப்போது ஓர் உதை விழும்,
நேரமே எடுத்துக்கொள்ளாத உதை.
உதைக்கும் உதைக்கும் நடுவே போதிய இடைவெளி இருந்தால்
எங்கே தொடங்கினாலும் வந்து அடங்கும்.
'போதிய' என்ற ஒரு சொல்லுக்கு
பதினொரு பக்கம் எழுதியிருந்தேன்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர் பெயர் தெரியாதவர்.
ஒரே ஒரு கேள்வி:
துணைத்தேற்றம் மூன்றில்,
முதல் உதையின் விளைவு வந்து சேருமுன்பே
இரண்டாவது விழுந்தால்?

விழாது, என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
அப்படி உதைக்கிறவர் யார்?

பிளோவ்டிவில் அன்று பனி உருகிக்கொண்டிருந்தது,
ஜன்னல் தகரத்தில் சொட்டுச் சொட்டாக.
இரவு பதினொன்றுக்கு ஸ்விலெனின் விரல்நுனியில்
ஒரு துளி எடுத்தேன். பதினேழு புள்ளி இரண்டு.
மேல்மாடி வீட்டில் பிறந்தநாள்,
எத்தனை துண்டு கேக் என்று அவன் சொல்லவில்லை.
தூங்குகிறவன் தொடையில் இன்சுலின்.
பன்னிரண்டு பத்துக்கு மறுபடி ஒரு துளி:
பதினேழு புள்ளி ஆறு.

எனக்குத் தெரியும்.
போன மருந்து தோலுக்கடியில் கிடக்கிறது, இன்னும் புறப்படவில்லை.
நான் படிக்கிற எண் பழைய எண்.
இதைப் பற்றி எட்டுக் கட்டுரை எழுதியவள் நான்.
எட்டும் அலமாரியில் இருந்தன.
நான் சமையலறையில் இருந்தேன்,
கையில் இரண்டாவது ஊசியோடு.

போட்டேன்.

ஒன்றரை மணிக்கு இரண்டும் சேர்ந்து வந்தன.
தலையணை நனைந்திருந்தது. கண் திறந்தவன்
பேருந்தில் எதிரே உட்கார்ந்த யாரையோ போல
என்னைப் பார்த்தான்.
இரண்டு புள்ளி எட்டு.

செர்ரி கம்போட் ஜாடியின் மூடியைக் கத்தியால் நெம்பினேன்.
அரைக் கோப்பை இனிப்புச் சாறு. விழுங்கு, ஸ்விலென்.
விழுங்கினான். பாதி சட்டையில்.
ஐந்து நிமிடம். இரண்டு புள்ளி ஏழு.
கை தானாக ஜாடிக்குப் போயிற்று.
இன்னொரு கோப்பை, அப்புறம் இன்னொன்று,
விடிவதற்குள் இருபதுக்கு ஏறும், பிறகு ஊசி, பிறகு சாறு.
அந்த வரைபடம் எனக்குப் பழக்கம். படம் ஆறு.
ஒவ்வோர் ஊசலும் முந்தையதைவிட உயரம்.
வகுப்பில் திரையிட்டால் அழகாகத்தான் இருக்கும்.

வலது கையைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்தேன்.
பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று
எந்தத் தேற்றத்திலும் நான் சொன்னதில்லை.
தகரத்தில் நானூற்றுப் பத்துச் சொட்டு.
நான்கு புள்ளி ஒன்று.
"ஏம்மா சட்டையெல்லாம் சிவப்பு?" என்றான்.

காலையில் நெடெல்ச்சோ வந்தான்,
கர்னோபாத்துக்குச் சரக்கு ரயில் ஓட்டிப் போயிருந்தவன்.
சர்க்கரைக் குறிப்பேட்டைப் புரட்டினான்.
பதினொன்று. பன்னிரண்டு பத்து.
இரண்டு வரிகளுக்கும் நடுவே விரல் நின்றது.
நாற்பது பெட்டி வண்டியில் அவன் பிடிக்கும் பிரேக்
கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர நேரமாகும்.
ஒன்றும் சொல்லாமல், பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
ரொட்டி நறுக்கினான்.
நான் காத்திருந்தேன்.
ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டான்.

அதற்குப் பிறகுதான் கட்டுரையை எடுத்தேன்.
பக்கங்கள் நான்கு கூடின, முடிவு சிறுத்துவிட்டது.
ஓரத்திலிருந்த 'விழாது' என்பதை ரப்பரால் தேய்த்தேன்.
பென்சில்தான், ஆனாலும் தடம் போகவில்லை.
அதன்மேலேயே எழுதினேன்:
விழும் எனக் கொள்க.