இரண்டாவது ஓலை

அறுபத்தொரு ஆட்டம் தோற்றோம்.
தோற்றோம் என்பது மரியாதைக்குச் சொல்வது.
நன்றாக ஆடுகிறவனுக்கு முழங்கால் வலி என்று அறிவித்து,
மூன்றாம் குவாட்டரில் முன்னிலை வந்தால்
பதறிப்போய் ஆளை மாற்றி,
பாடுபட்டுத் தோற்றோம்.

தோற்றோம், தோற்றோம் என்கிறேன்.
அந்த நகரத்தை நான் கண்டதில்லை.
அங்கே ஏரி எந்தப் பக்கம் என்றும் தெரியாது.
ஹாகன் பொதி நிலையத்தில்
ஏழாம் இலக்க ஓடுபட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு
நடுச்சாமத்தில் ‘நாங்கள்’ என்கிறேன்.

டெட்லெஃப் சிரிக்கிறான். உள்ளூர் அணிக்காரன்.
அவன் ஆட்கள் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும்.
“உன்னுடைய அமெரிக்காவில் தோற்றவனுக்குப் பரிசா?”
ஓம், டெட்லெஃப். தோற்றவனுக்கு மூத்த பிள்ளை.
அதுவும் நேரே கிடைக்காது.
பதினான்கு பந்தைக் கூட்டுக்குள் போட்டுக் குலுக்குவார்கள்,
சோழர் காலத்துக் குடவோலை மாதிரி.
எங்களுக்கு விழுந்தது இரண்டாவது.

இனி என் கட்சியைக் கேள்.

வூல்ரிச் வேண்டாம்.
வயது பத்தொன்பது, உயரம் ஏழடி ஓரங்குலம்,
விரித்தால் கை ஏழரை அடி.
கை நீளம், கை நீளம் என்று
மூன்று மாதமாய் ஒரே பேச்சு.
எங்கள் ஊரில் ஒருவனுக்குக் கை நீளமென்றால்
உண்டியலைத் தூக்கி உள்ளே வைப்பார்கள்.
தூரத்திலிருந்து எழுபது தரம் எறிந்தான், பதினாறு விழுந்தது.
எண்ணியிருக்கிறேன்.

எனக்கு வேண்டியவன் மார்லோ டெவன்போர்ட்.
இருபத்திரண்டு வயது. கிழவனாம்!
நாலு வருடம் ஒரே கல்லூரி.
பந்தைப் பறிகொடுப்பது அபூர்வம்.
அரங்கமே ஊளையிடும்போது ஃப்ரீ த்ரோவுக்கு வந்து
மூக்கைச் சொறிந்துவிட்டு இரண்டையும் போடுவான்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொன்னவர்
ஒரு டிராஃப்டும் பார்த்திருக்க மாட்டார்.
நாங்கள் முளையில் கண்டு எடுத்த இரண்டும்
முழங்கால் கிழிந்து
இப்போது துருக்கியில் ஆடுகின்றன.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது.
மேலாளர் இந்தத் தெரிவையே விற்றுவிடுவார்.
முப்பத்துமூன்று வயது நட்சத்திரம் ஒன்றுக்காக
இதையும், வரப்போகிற இரண்டையும் சேர்த்து.
அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை.

“சரி, ஏன் அந்த அணி?” என்றான்.

இரண்டாயிரத்து ஒன்பது, தை மாதம்.
கணினி ஒன்று எங்களைப் பிரித்தது.
என்னோடு வந்த ஜெகசோதி கெம்னிட்ஸுக்கு,
நான் இங்கே.
யாரும் எங்கள் கையை அளக்கவில்லை.
முகாமில் தந்த உடுப்புப் பையில்
கம்பளிக் காலுறை இரண்டு, ஒற்றைக் கையுறை,
இந்த அணியின் பதினேழாம் இலக்கச் சட்டை.
அளவாக இருந்தது.

“நிறம் பிடித்தது” என்றேன் டெட்லெஃபிடம்.

இரண்டு இருபத்தொன்று. இடைவேளை முடிய நாலு நிமிடம்.
காப்பி எந்திரத்தில் கைபேசியைச் சாய்த்துவைத்தோம்.
ஆணையர் மேடைக்கு வந்தார், தாளைப் பார்த்தார்.
வூல்ரிச்.

நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.
டெட்லெஃபுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் விளங்கியது.
திரையில் அந்தப் பொடியன் எழுந்தான்,
எழுந்துகொண்டே இருந்தான்.
தாயின் தலை அவன் நெஞ்சுக்குக் கீழே.
தொப்பி அவன் முடியில் உட்கார மறுத்தது.
எந்தக் கையால் குலுக்குவது என்று தெரியாமல்
இரண்டையும் நீட்டினான்.

டெவன்போர்ட்டை ஒன்பதாவதாக
நாங்கள் வெறுக்கிற அணி கொண்டுபோனது.
எழுதி வையுங்கள், இதற்காக அழுவோம்.

ஐந்தரைக்கு வெளியே வந்தபோது நல்ல வெளிச்சம்.
பேருந்தில் அந்த எழுபது எறிகளையும்
திரும்பப் போட்டுப் பார்த்தேன்.
முழங்கை வெளியே போகிறது, அவ்வளவுதான்.
திருத்தலாம்.
அந்தக் கைக்கு மேலால் எவன் எறிவான்?

“டெட்லெஃப்” என்று எழுதி அனுப்பினேன்,
“இரண்டு வருடம் கொடு.”