கொண்டி

இரண்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவார்களாம்.
நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டே கால்.

பதினோரு மைல். அதில் இரண்டு,
வரைபடத்தை நான் தலைகீழாகப் பிடித்ததால்.
மூன்று வயல்கள் தாண்டும்வரை
ஹெஸ்டர் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.
நான்காவதில் பேசாமல் வந்தாள்.
அது இன்னும் மோசம்.

'நொண்டி வாத்து' என்று பெயர் அந்த பப்புக்கு.
பலகையில் மழை வாத்தைத் தின்றுவிட்டது,
நொண்டிக் கால் மட்டும் பளிச்சென்று மிச்சம்.
வாசலில் பதித்த இரும்புத் தகட்டில்
பூட்ஸைத் தேய்த்தோம்.
ஹெரிஃபோர்ட்ஷையர் செம்மண் கட்டிகட்டியாக விழுந்தது,
வாங்கிய கடனைத் தவணையில் அடைப்பதுபோல்.

தலை குனியாமல் உள்ளே நுழைய முடியாது.
உத்தரத்தில் சாக்குத்துணி சுற்றி
ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்:
எனக்கு முன்னால் இடித்துக்கொண்டவர்களின் கருணை.

"சமையல் முடிஞ்சாச்சு" என்றாள் க்ளெனிஸ்,
கிளாஸைத் துடைத்தபடி.
"வினிகரில் ஊறின முட்டை இருக்கு. சிப்ஸ் இருக்கு.
எந்த வருஷத்து முட்டைன்னு மட்டும் கேட்காதீங்க."
முட்டையைக் கேட்டோம்.
பம்பின் பிடியை அவள் மூன்று தரம் இழுக்க
தேன்கூட்டின் நிறத்தில் பீர் ஏறியது,
குளிராமல், அவசரப்படாமல்.

கணப்பில் ஆப்பிள் விறகு.
என் முழங்கால்களிலிருந்து ஆவி கிளம்பிற்று.
ஹெஸ்டர் காலுறையை உருவிக் கொப்புளத்தைப் பார்த்தாள்,
பிறகு, தேவாலயக் கோபுரத்தைத் தாண்டியபின்
முதன்முறையாக, என்னை.
"முட்டை பரவாயில்லை" என்றாள்.
இதைவிடச் சின்ன வாக்கியத்தில்
போர்கள் நின்றிருக்கின்றன.

அப்போதுதான் கதவு திறந்தது.
முழங்கால்வரை சேறு, தோளில் ஈரம்,
பின்னால் நாக்கைத் தொங்கப்போட்டு மெக் என்கிற நாய்.
"ஓடையோரத்துக் கேட்டை
எந்தப் புண்ணியவான் திறந்துபோட்டான்?"
யாரையும் பார்த்துக் கேட்கவில்லை ப்ரோபர்ட்.
"நாற்பத்தோரு செம்மறி.
பாதிரியார் வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியில்."

டோமினோ ஆடிய இருவரும்
காய்களிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

எனக்கு அந்தக் கொண்டி ஞாபகம் வந்தது.
துருப்பிடித்தது, நீலக் கயிறு சுற்றியது.
அவள் முன்னே போனாள்.
கடைசியாக வருகிறவன் மூடவேண்டும்;
இந்தப் பக்கத்தில் அது பத்துக் கட்டளைக்கு மேல் பதினொன்றாவது.
மூடினேனா?
உள்ளங்கையை முகர்ந்தேன். துருவின் வாசம்.
திறந்த துருவா, மூடிய துருவா
என்று அது சாட்சி சொல்லாது.

மேஜைக்கடியில் ஹெஸ்டர் என் காலை மிதித்தாள்,
கொப்புளம் வந்த காலாலேயே.

எழுந்துபோய் அவருக்கு ஒன்று ஊற்றச் சொன்னேன்.
ப்ரோபர்ட் கிளாஸைப் பார்த்தார்.
பிறகு என் பூட்ஸைப் பார்த்தார்.
தகட்டுக்குத் தப்பிய மண் விளிம்பில் ஒட்டியிருந்தது.
தன் ஓடைக்கரை மண்
அவருக்குத் தெரியாதா என்ன.

ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.
"நடக்கிறதுக்கு நல்ல நாள்" என்றார்.
"மழை பெய்ததே" என்றேன்.
"ஆமாம்" என்றார்.

மெக் வந்து, மிச்சமிருந்த அரை முட்டையை
ஹெஸ்டரின் விரல்களிலிருந்து
மரியாதையாக எடுத்துக்கொண்டது.

கிளம்பும்போது நாலு மணி, இருட்டத் தொடங்கியிருந்தது.
பப்பின் கதவை இழுத்து மூடினேன்.
பத்தடி போனவன் திரும்பி வந்து
தள்ளிப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்.